சந்தனப் பெட்டியா, நாணல் பெட்டியா

ஆற்றில் மிதந்து வந்த ஒரு பிள்ளைக்குக் கடுக்கன் போட்டுவிட்டதற்காக நான் ஒருமுறை அரை மணி நேரம் முழங்காலில் நின்றிருக்கிறேன். கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு, வேதபாடப் பரீட்சை. கொடிய ராஜாவுக்குப் பயந்த ஒரு தாய் தன் பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதையை எழுதச் சொல்லியிருந்தார்கள். சந்தனப் பெட்டி என்று எழுதினேன். பிள்ளையின் காதில் கடுக்கன் மின்னியது என்றும் எழுதினேன். வெள்ளைக்கார டீச்சரம்மா விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "வடிவு, இது எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

எங்களுக்கு வாராவாரம் வந்து வேதக்கதை சொல்லும் ஞானமுத்து உபதேசியார்தான் அப்படிச் சொன்னார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலோரம் நின்றிருந்த உபதேசியார் என்னைப் பார்க்காமல் வெளியே ஏரியைப் பார்த்தார். பன்னிரண்டு வயதிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைய கோபத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு முழங்காலிட்டேன்.

என் அப்பா ஏரிக்கரை பங்களா ஒன்றில் தோட்டக்காரர். நான் எட்டாம் வகுப்பு தேறி மூன்று வருஷம் கழித்து, பூம்பாறைக்கும் மேற்கே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய மஞ்சப்பாறையில், பூண்டு விவசாயம் செய்யும் வேலப்பனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். வேலப்பன் நல்ல மனிதர். சொன்னால் கேட்பார். ஆனால் என் சொல்லுக்கு முன்னால் தன் அப்பாவின் சொல்லைக் கேட்பார். அந்த அப்பா, என் மாமனார் கந்தவேல், ஊருக்கே புத்தகக்காரர்.

மஞ்சப்பாறையில் மழை தவறினால் புத்தகம் வாசிப்பது வழக்கம். நாடிழந்த அஞ்சு அண்ணன் தம்பிகள் காட்டில் அலைந்து, வேஷம் மாறி ஒளிந்திருந்து, மாடு மீட்டு, சண்டை போட்டு ஜெயித்த பெரிய கதை. ஏழு நாள், உச்சி சாய்ந்ததும், மந்தையில் ஊர் கூடும். மாமனார் குளித்து, சிவப்புப் பட்டில் சுற்றிய தடித்த புத்தகத்தைத் தலையில் சுமந்து வருவார். மேலட்டை கிழிந்த, முன்பக்கங்கள் உதிர்ந்த, சந்தனமும் குங்குமமும் அப்பிய புத்தகம். அவருடைய அப்பா பழனிக்குக் காவடி எடுத்துப்போனபோது ஒரு சாமியார் கொடுத்ததாம். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தெரிய ஒரு மஞ்சள் நூல் கோத்திருக்கும். அதை வேறு யாரும் தொடக் கூடாது. ஆரம்பித்த வாசிப்பு ஒரு நாள்கூட நிற்கவும் கூடாது. நின்றால் மேகம் கோபித்துக்கொண்டு மலையாளத்துப் பக்கம் போய்விடும் என்பார்கள்.

அவர் வாசிப்பதைக் கேட்க வேண்டும். விரல் வரிமேல் ஓடும், குரல் எழும்பும், இறங்கும், அழும். ஓரிடத்தில் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார். அந்த இடைவெளியில் பெண்கள் மூக்குச் சிந்திக்கொள்வார்கள். ஒரு சொல் தடுக்கியதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரை மழை ஏமாற்றியது. விதைப்பூண்டு பரணில் காய்ந்து கிடந்தது. அதே மாதம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஜீப்பில் பாதி தூரமும் நடந்து பாதி தூரமுமாக வந்தார். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கொடுக்கலாம், ஆனால் கீழேயிருந்து எந்த வாத்தியாரும் இங்கே வந்து தங்கமாட்டேன் என்கிறார், உள்ளூரில் எட்டாவது படித்தவர் இருந்தால் அவரையே போட்டுவிடலாம் என்றார். மஞ்சப்பாறையில் எட்டாவது படித்தது நான் ஒருத்திதான். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன், வீட்டுப் பெரியவர் சம்மதம் சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பூண்டு உரித்து உரித்து விரல் எரிய, படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று நான் பயந்துகொண்டிருந்த காலம் அது. மாமனாரிடம் கேட்டேன்.

"இந்த வீட்ல எழுத்து தெரிஞ்ச ஆளு ஒண்ணு போதும்த்தா," என்றார். "ரெண்டு பேரு படிச்சா வீடு தாங்காது."

"ஏன் மாமா தாங்காது?"

"தாங்காதுன்னா தாங்காது. போயி சோலியப் பாரு."

வாசிப்பு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் முடிய வேண்டும். முதல் மூன்று நாள் மாமனார் ஊரை அழவைத்தார். நான்காம் நாள் காலையில் எழுந்தால் மனிதருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுத்தமாகக் குரல் இல்லை. மிளகுக் கஷாயம், சுட்ட பூண்டு, திருநீறு எதற்கும் அசையவில்லை. மந்தையில் ஊர் கூடிவிட்டது.

ஊர்ப் பெரியதனம் பார்க்கும் மன்னாடி திருமலைச்சாமி யோசித்தார். "வாசிப்பு நிக்கக் கூடாதுல்ல. புத்தகம் இருக்கு. உங்க வீட்டு மருமக எட்டாப்பு படிச்சவ. அவ வாசிக்கட்டுமே அண்ணே."

மாமனார் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். தலையை ஆட்டினார். எழுந்து நின்று வானத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"பாருங்க, சந்தோசத்துல பேச்சு வரல," என்றார் மன்னாடி. "ஏத்தா வடிவு, வா. உக்காரு."

புத்தகம் என் மடிக்கு வந்தது. மஞ்சள் நூலை மேல்பக்கம் வைத்து, ஓரிடத்தில் திறந்தேன். முதல் வரியைப் பார்த்தேன். இரண்டாம் வரியைப் பார்த்தேன்.

அது அஞ்சு பேர் கதையே இல்லை. கொடைக்கானலில் ஏழு வருஷம் தினம் காலையில் நான் கேட்ட அதே புத்தகம். மிஷன்காரர்களின் வேதப்புத்தகம். அதற்குத்தான் சந்தனம், குங்குமம், பட்டு.

நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தேன். புத்தகம் மாறிப்போன அதிர்ச்சி எதுவும் அவர் முகத்தில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்ளக் காத்திருக்கும் ஆளின் முகம் அது. விரலைத் தரையில் அழுத்திக்கொண்டு, குழந்தை மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிப்போனது. இந்த மனிதருக்கு ஓரெழுத்துத் தெரியாது. முப்பது வருஷமாக எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டியதெல்லாம் சும்மா. வீடு எதைத் தாங்காது என்றாரோ அது இதுதான்.

"வாசி ஆத்தா, மேகம் போயிரப் போகுது," என்று முன்வரிசையிலிருந்து பிச்சையம்மாள் குரல் கொடுத்தாள். கதையில் ஒரு சின்ன இடம் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள் அவள்.

என்ன செய்வது? கண்ணில் பட்ட இடத்தை வாசித்தேன். ஊர் பேர், ஆள் பேரை மட்டும் விழுங்கிவிட்டேன். ஒரு கொடிய ராஜா, பிறக்கிற ஆண்பிள்ளைகளையெல்லாம் கொல்லச் சொன்னான்.

"தெரியும், தெரியும்," என்றாள் பிச்சையம்மாள். "அந்த மாமன்காரப் பாவி."

மாமன் என்று இதில் இல்லை. இருந்தால் என்ன? மேலே போனேன். ஒரு தாய் பிள்ளையை ஒளித்துவைத்தாள். முடியாமல் போனதும் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். கூட்டம் நெருங்கி உட்கார்ந்தது. இந்தப் பிள்ளையை அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வேறொரு தாய், வேறொரு ஆறு, ஆனால் அதே அழுகை. புத்தகம் எங்கே போனாலும் அவர்கள் ஒரு எட்டு முன்னால் போய் நின்றுகொண்டு, வா வா என்றார்கள். தண்ணீர் பிளந்து வழிவிட்டது என்று வாசித்தால், "கூடையில சாமியத் தூக்கிட்டுப் போன ராத்திரியும் அப்படித்தான விட்டுச்சு," என்றார் மன்னாடி. காட்டில் வருஷக்கணக்காக அலைந்தார்கள் என்றால், "பன்னெண்டு வருசம்," என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். இதில் நாற்பது என்று இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தை நான் சத்தமில்லாமல் முழுங்கினேன்.

ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நாணலால் செய்த பெட்டி என்று அப்படியே வாசித்துவிட்டேன்.

"நாணலா?" பிச்சையம்மாள் நிமிர்ந்தாள். "முப்பது வருசமாச் சந்தனப் பெட்டின்னுல்ல வாசிச்சாரு கந்தவேலு?"

கூட்டம் மாமனாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. பழிவாங்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, நீங்களே பாருங்க மாமா என்றால் போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. முழங்காலில் நிற்கும் பிள்ளையின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அவசரப்படாதீங்க அத்தை. சந்தனப் பெட்டிதான். தண்ணி ஏறாம இருக்க மேல நாணலச் சுத்தியிருக்கு. அடுத்த வரியில வருது," என்றேன்.

"அப்படிச் சொல்லு," என்று பிச்சையம்மாள் சாய்ந்துகொண்டாள்.

அன்று வீட்டில் மாமனாருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் பிடித்தேன். "மாமா, இந்த வரியில என்ன போட்டிருக்கு?" குரல் இல்லாதவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் புத்தகத்தைப் பட்டில் சுற்றிவைத்தேன். ஆனால் நல்லவளாகவே இருந்துவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன ஆவது?

ஐந்தாம் நாள், வில்லுக்குப் பேர்போன தம்பி பெண்வேஷம் போட்டு ராஜகுமாரிக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கும் இடம் வர வேண்டும். புத்தகத்தில் அதற்கு ஈடாக ஒன்றும் அகப்படவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்தபடியே மனதிலிருந்து சொன்னேன். முடிகிற இடத்தில் விரலை எச்சில் தொட்டு, மாமனார் மாதிரியே ஒரு பக்கம் புரட்டினேன்.

"ஆட்டம் மட்டுமா? அந்த வீரன் ராஜகுமாரிக்கு எழுத்தும் கற்பித்தான். அவன் போன பிறகு அவள் மாடு மேய்க்கும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதுவரை பெய்யாத மழை பெய்தது. எழுத்தறிந்தவளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறவன் வயலில் மேகம் இறங்காது என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது."

மன்னாடி மெதுவாக மாமனார் பக்கம் கழுத்தைத் திருப்பினார். அவரோடு சேர்ந்து ஊரே திருப்பியது. மாமனார் என்னை முறைத்தார். அப்படி ஒரு வரி கதையில் கிடையாது என்று அவருக்குத் தெரியும். நான் எப்படி அதைச் சேர்த்தேன் என்பதும் அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனால் இல்லையென்று சொல்ல அவர் புத்தகத்தை வாங்கி வாசிக்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பட்டுத்துணியால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டேன்.

துணியை எடுத்தபோது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே ஞானமுத்து உபதேசியார்.

கூட்டம் கலைந்ததும் நேராக என்னிடம் வந்தார். பூண்டுக் களத்துப் பக்கம் கூட்டிப்போனேன். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஏம்மா வடிவு, அது எங்க வேதப்புத்தகம்லம்மா! கடைசியில ஏதோ நீ விட்ட கரடியத் தவிர, நேத்திலருந்து நீ வாசிச்சதெல்லாம் வேதம்னு வழியில சனங்க சொன்னதக் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. முப்பது வருசமா எங்க புத்தகத்துக்குக் குங்குமம் வச்சுக் கும்புட்டிருக்கீங்க! நாளைக்கு இதே மந்தையில எந்திரிச்சு நின்னு சொல்லப்போறேன். ஊரே திரும்புனாலும் திரும்பும்."

ஊர் திரும்பாது, என் மேல்தான் திரும்பும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மருமகள் கைக்குப் போன மறுநாளே புத்தகம் மாறிப்போச்சு என்பார்கள். மாற்றியவள் நான்தான் என்பார்கள். வேலை என்ன, வீடே மிஞ்சாது. மாமனார் இனி மந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அப்போதுதான் முழங்கால் வலித்த ஞாபகம் வந்தது.

"சொல்லுங்க உபதேசியாரே. அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். அந்தப் பெட்டி நாணலா, சந்தனமா?"

அவர் குடையை மடக்கினார். "நாணல்."

"பிள்ளைக்குக் கடுக்கன்?"

"கடுக்கன்லாம் ஏதும்மா."

"அப்ப எனக்குச் சந்தனம்னும் கடுக்கன்னும் வகுப்புல சொன்னது யாரு?"

உபதேசியார் சுற்றும்முற்றும் ஏரியைத் தேடினார். மஞ்சப்பாறையில் ஏரி கிடையாது. பிறகு குரலைத் தணித்தார்.

"நான் என்னம்மா செய்ய? மூணு வருசம் நாணல்னுதான் சொன்னேன். ஒரு பய கேக்கல, பூராத் தூக்கம். ஒருக்கா பூம்பாறைக்கு வந்தவன் இந்த மந்தையில உங்க மாமனார் கதை சொல்றதக் கேட்டேன். சந்தனப் பெட்டிய ஆத்துல விட்டுட்டு அந்தத் தாய் கரையோரமா ஓடுறா பாரு... ஊரே அழுதுச்சு. நானும் அழுதேன். கொடைக்கானலுக்குப் போயி அப்படியே சொன்னேன். மறு வாரம் உக்கார எடமில்ல. அதுலருந்து வாசிப்புன்னு சேதி வந்தா வந்துருவேன். இவரு எங்க கதைய மாதிரி ஒண்ணு வச்சிருக்காரு, ஆனா இவருதுல உசிரு இருக்கு."

"டீச்சரம்மா இன்னும் கொடைக்கானல்லதான இருக்காங்க?" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அன்னைக்கு உன்னைய முட்டிபோட விட்டது தப்புத்தான் தாயி. நான் எதையும் பாக்கல. சரி, நாளைக்கு எந்த எடம்? மாடு மீட்கிறதா? இருந்து கேட்டுட்டே போறேன்."

ஆறாம் நாளும் நான்தான். மாட்டை மீட்டேன். சின்னப் பையன் ஒருவன் கவண்கல்லால் ராட்சசனை வீழ்த்தும் இடத்தையும் ஊடே சொருகிவிட்டேன். பிச்சையம்மாளே விசில் அடிக்காத குறை. மேகம் மட்டும் பெருமாள்மலைப் பக்கமே நின்றது.

ஏழாம் நாள் காலை, மாமனாருக்குக் குரல் வந்துவிட்டது. குளித்தார், புத்தகத்தைப் பட்டில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மந்தைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். இன்றைக்கு அவர் வாயில்தான் கதை. நான் சொன்ன வானத்துக் குரலை ஒரே வார்த்தையில் அடித்துவிடலாம். மறுநாள் வெள்ளி.

உட்கார்ந்தார். திறந்தார். விரலை வரிமேல் வைத்தார்.

"முந்தாநாத்து எங்க மருமக வாசிச்சதுல ஒரு எடம் விட்டுப்போச்சு," என்றார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"எழுத்தறிஞ்ச அந்த ராசாத்திக்கு ஒரு மாமனார் இருந்தாரு. பெரிய ராசா. மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு. ஏன் சொன்னாரு? பயம். ராசாவுக்கும் பயம் உண்டுல்ல?" குரல் ஓரிடத்தில் பிசிறியது. அது தொண்டைக் கட்டு இல்லை. "அப்புறம் வானத்துக் கொரலைக் கேட்டாரு. எந்திரிச்சாரு. தானே முன்ன நின்னு அவளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்குடுத்தாரு. அவரு தயாளத்தப் பாத்து தேவர்கள்லாம் பூமழை சொரிஞ்சாங்க!"

எச்சில் தொட்டு, கம்பீரமாகப் பக்கம் புரட்டினார். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். தூரத்தில் குடைக்குக் கீழே உபதேசியார் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தார், ஏனென்றால் விடியும்போது மழை பிடித்துக்கொண்டிருந்தது. எது பெய்யவைத்தது என்று ஊர் இன்னும் பேசுகிறது. எனக்குத் தெரியாது. சம்மதத்தாளில் மாமனார் கட்டைவிரலை அழுத்திவிட்டு, "கையில பூண்டு எரிச்சல், பேனா பிடிக்க முடியல," என்றார். நான் ஆமாம் என்றேன்.

ஆவணியில் கோயில் கொட்டகையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. பிள்ளைகள் போனதும் மாமனார் தினம் வருவார். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தேன் என்பார். பலகையில் அழிக்காமல் நான் விட்டுவைத்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாசி மாதம் வரை கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

மாசியில் ஒரு மத்தியானம் பட்டில் சுற்றிய புத்தகத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளையை ஆற்றில் விட்ட பக்கத்தைத் திறக்கச் சொன்னார். விரலை வைத்தார். இந்த முறை விரல் ஓடவில்லை, ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று போனது. நெற்றியில் வியர்வை. நான் பலகையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"நா... ண... ல்," என்று கேட்டது.

மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். உண்மையைக் கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

"ஏத்தா," என்றார் கடைசியில். "அச்சடிச்ச பய தப்பாப் போட்டிருக்கான். பேனாவக் குடு."

கொடுத்தேன். நாணலை அடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்து வரியெல்லாம் மிதிபட, கோணல்மாணலாக ஓரத்தில் எழுதினார்: சந்தனம். அவர் தன் கையால் எழுதிய முதல் வார்த்தை அது. எழுதிவிட்டு, யாரோ அதைப் பிடுங்கிக்கொள்ளப்போவது மாதிரி உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும்தான். இருந்தாலும் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

"கடுக்கனையும் போட்டுருங்க மாமா," என்றேன்.